ராக்கெட்டுக்கு ஒரு விளையாட்டுச் சாமான்

ராக்கெட் மறுபடியும் உப்புப் பாத்தியில் விழுந்துவிட்டது. அதுவும் காலை ஏழு மணிக்கு, முதலாளி ராஜாங்கம் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வெள்ளை வெளேரென்று விளைந்து கிடந்த உப்பில் நாலு காலும் புதைந்தன. அடியில் இருந்த சேறு கிளம்பிப் பாத்தி முழுக்கக் கறுத்துப்போனது.

"தேசப்பா, இது மூணாவது தடவ. இந்தக் குருட்டு நாய எங்கனா கொண்டுபோய் வுட்டுடு. ஞாயித்துக்கெழம வருவேன். அப்போ இது இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கில் ஏறிப் போனார்.

தேசப்பன் மரக்காணம் உப்பளத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறவன். அளத்தை ஒட்டிய வீட்டில் அவனும் மனைவி அம்சவல்லியும் குடியிருந்தார்கள். ராக்கெட் அவர்கள் குட்டியிலிருந்து வளர்த்த நாய். வரப்பில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வைத்த பெயர். சுனாமி வந்துபோன அடுத்த கோடையில் அதன் கண்கள் இரண்டிலும் வெள்ளை படர்ந்து, பார்வை முழுசாகப் போய்விட்டது.

மத்தியானம் தேசப்பன் ஒரு சாக்கை எடுத்து உதறினான்.

"கிளியனூர் பக்கம் வுட்டுட்டு வந்துடுறேன். அங்க டீக்கடை இருக்குது, எதனா போடுவாங்க."

"கண்ணு தெரியாத நாயி அந்த மெயின் ரோட்டுல லாரிக்கு எதுர இன்னா பண்ணும்?" என்று அம்சவல்லி கேட்டாள்.

அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கிழட்டு நாய், நொண்டி நாய், சொறிநாய் எல்லாவற்றுக்கும் நம் ஊர்களில் ஒரே வைத்தியம்தான். சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடுவது. அடுத்த ஊர்க்காரன் பார்த்துக்கொள்வான் என்று நமக்கு ஒரு சமாதானம். அடுத்த ஊர்க்காரனோ அதே சாக்கோடு நம் ஊருக்கு வந்துகொண்டிருப்பான்.

அம்சவல்லி விடவில்லை. மறுநாளே ராக்கெட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, "பார்வை திரும்பாதும்மா. ஆனா நாய் நல்லாத்தான் இருக்குது. வேலையில்லாமத்தான் இப்படிச் சுத்தி அலையுது. விளையாட ஏதாவது வாங்கிக் குடுங்க, ஒரே இடத்துல கிடக்கும்" என்றார்.

தேசப்பனுக்கும் நாயை வைத்துக்கொள்ள உள்ளுக்குள் ஆசைதான். சாயங்காலமே டி.வி.எஸ். ஐம்பதை முறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய், சிவப்பு சிவப்பாய் ஒரு பெரிய பந்து வாங்கி வந்தான்.

"கலரு எப்பிடி? எவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்தாலும் பளிச்சுன்னு தெரியும்!"

"யாருக்கு?" என்றாள் அம்சவல்லி.

தேசப்பன் பந்தையும் பார்த்தான், நாயையும் பார்த்தான். அப்புறம் தலையைச் சொறிந்தான்.

அடுத்து அவளுடைய யோசனை. வாசனை இருந்தால் மோப்பம் பிடித்துப் போகுமே என்று அதே பந்தில் கருவாட்டை நன்றாகத் தேய்த்தாள். தேசப்பன் பந்தை மேற்கே உருட்டினான். ராக்கெட் கிழக்கே ஓடியது. கடலோர ஊரில் எந்தப் பக்கம் மூக்கை நீட்டினாலும் கருவாடுதானே!

"ஏ அம்சா! உன் நாயி எங் காரப்பொடிக் கருவாட்டுல எறங்கிடுச்சுடி! ஒன்னுகூட மிஞ்சாது போலக்குது!" என்று கிழக்கே கருவாடு காயவைத்திருந்த குப்பம்மாள் போட்ட சத்தம் அளத்துக்கே கேட்டது.

சத்தம் வருகிற சாமானாக இருக்கட்டும் என்று புதன்கிழமை தேசப்பன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கல் உப்பைப் போட்டு மூடினான். வேறென்ன போடுவான், உப்பளத்துக்காரன்! காலையில் கலகலவென்று சத்தம் கேட்டது. ராக்கெட்டும் காதைத் தூக்கியது. சாயங்காலம் பார்த்தால் கடல்காற்று மூடிச் சந்தில் புகுந்து உப்பு கசிந்து, எல்லாம் ஒரே கட்டியாகிப் பாட்டில் ஊமையாகிவிட்டது. பதினைந்து வருடம் உப்பு வாரியவனுக்கு இது கூடத் தெரியவில்லையே என்று அம்சவல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்த தேசப்பன் சோர்ந்துபோய், தலையில் கட்டியிருந்த வேர்வைத் துண்டை அவிழ்த்து வாசலில் எறிந்தான். மூலையில் சுருண்டு கிடந்த ராக்கெட் சடாரென்று எழுந்தது. நேராக வந்து துண்டைக் கவ்வியது. உதறியது, தூக்கிப் போட்டது, தேடிப் பிடித்து மறுபடியும் கவ்வியது. வால் நிற்கவே இல்லை. ஊரெல்லாம் கருவாடு நாறலாம், ஆனால் தேசப்பனின் வேர்வை வாடை தேசப்பனிடம் மட்டும்தானே இருக்கிறது! அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். சாக்கை உதறிய கையைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அம்சவல்லி ஒரு மாட்டுமணியைத் தேடி எடுத்தாள். நாய் விழுங்க முடியாத பெரிய மணி. அதைத் துண்டின் ஒரு முனையில் தொங்கவிட்டு, நாலைந்து முடிச்சுப் போட்டு இறுக்கினாள். எறிந்தால் மணி சொல்லும், கிட்டே போனால் வாடை சொல்லும். அன்றிலிருந்து ராக்கெட் வரப்புப் பக்கமே போகவில்லை. வாசலே போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கம் வந்தார். நாய் வாசலில் துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"குருட்டு நாயிக்கு வெளையாட்டு ஒரு கேடா?" என்று சொல்லித் துண்டைப் பிடுங்கி வீட்டுப் பக்கமாக எறிந்தார். மணி ஒலித்தது. ராக்கெட் பாய்ந்து போய்க் கவ்வி, துண்டைத் தேசப்பன் காலடியில் போட்டது.

"அட! எங்க, இன்னொரு வாட்டி" என்றார் ராஜாங்கம். இன்னொரு வாட்டி நாலு வாட்டியானது. இன்னும் தூரமாக எறிய வேண்டும் என்று கையை ஓங்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார், நடந்தார். சளக்!

முதலாளி முழங்கால் வரை பாத்திக்குள் நின்றார். விளைந்த உப்பு அவரைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே போனது. தேசப்பன் வரப்புக்கு ஓடினான்.

அம்சவல்லிதான் வாயைத் திறந்தாள். "ஏங்க மொதலாளி, உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்குது?"

ராஜாங்கம் காலைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"நாயி மிதிச்சதுக்கு எங்கனா கொண்டுபோய் வுடச் சொன்னேன். இப்போ என்னைய எந்த ஊரு எல்லையில வுடப்போற, தேசப்பா? யாரும் எங்கயும் போக வேணாம். ராக்கெட்டு இங்கயே இருக்கட்டும்."

தேசப்பன் அவருக்குக் கைகொடுத்து மேலே தூக்கினான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"மொதலாளி, அதுக்குக் கண்ணு மட்டும்தான் போச்சு. நான் போன கண்ணையே பாத்துக்கினு இருந்துட்டேன், இருக்கிற மூக்கையும் காதையும் பாக்கல. மனுசனோ நாயோ, ஒருத்தர்கிட்ட இல்லாததையே பாத்துக்கினு இருந்தா, குருடு அவங்க இல்ல, நாமதான்."