சுவரை மூடுவதற்கு முன்

அவர்கள் குடியிருக்கும் ட்ரெய்லர் வண்டியின் பக்கச் சுவர் சோஃபாவோடு சேர்ந்து மூன்றடி வெளியே நீளும். கிளம்பும்போது பொத்தானை அழுத்தினால் உள்ளே வந்துவிடும். அதற்கு முன் இரண்டு பூனைகளையும் கூண்டில் அடைத்து, பெயர் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கிய இந்த மூன்று வருடத்தில் ஹார்லனும் அவர் மனைவி வெர்லீனும் அதைத் தவறவிட்டதில்லை.

டெமிங்கில் ட்ரெய்லர்கள் நிறுத்தும் முகாமில் அன்று காலை பெர்ல் மட்டும் கூண்டில் இருந்தது. ரஸ்டியைக் காணவில்லை. மதியத்துக்குள் புழுதிக்காற்று வரும், நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஹார்லன் வெளியே தேடினார். வண்டிக்கு அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் எல்லாம் பார்த்தார்; பக்கத்து ட்ரெய்லர்க்காரரிடம் கேட்டும் பார்த்தார். வலைக்கதவைத் தானே தாழிட்டதாக வெர்லீன் இரண்டு முறை சொன்னார். ஹார்லன் மறுபடியும் வெளியே போனார். மூன்றாவது சுற்றில்தான் வெர்லீனுக்கு உறைத்தது: இவர் ஒரு தடவைகூட சோஃபாவுக்கு அடியில் குனியவில்லை.

"ஏன் ஹார்லன் உள்ள தேடவே மாட்டேங்குற?"

ஹார்லன் படியில் உட்கார்ந்தார். பக்கத்து ஜெனரேட்டர் சத்தத்தில் இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

"நீ கூண்ட எடுக்கப் போனப்போ பொத்தான அமுக்கிட்டேன். ரெண்டு செகண்டுதான். என்னமோ சத்தம் கேட்டுச்சு, கைய எடுத்துட்டேன்."

"உரசலா, கத்தலா?"

"அது தெரிஞ்சிருந்தா வண்டிய மூணு தடவ சுத்திட்டிருப்பேனா?"

வெர்லீன் திட்டவில்லை. திருப்புளியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

சுவர் தப்பித்தவறி நகராதிருக்க ஹார்லன் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். சோஃபாவின் அடிப்பலகையைக் கழற்ற அரை மணி ஆனது. டார்ச் வெளிச்சத்தில், சுவருக்கும் அது நகரும் தண்டவாளத்துக்கும் நடுவே செம்பட்டை முதுகு ஒன்று தெரிந்தது. அசையவில்லை. வெர்லீன் குப்புறப் படுத்து மீன் டப்பாவைத் திறந்தார்.

"வாடா தடியா. வந்து தொலை."

ஒரு காது திரும்பியது. ஹார்லன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரஸ்டி வெளியே வரும்போது காற்று ட்ரெய்லரை உலுக்கிக்கொண்டிருந்தது. கால்கள் நன்றாக இருந்தன. ஒரு பக்க மயிர் முழுக்கக் கிரீஸ். வெர்லீன் பாத்திரச் சோப்புப் போட்டு அதைக் கழுவித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாலையை மூடிவிட்டார்கள். ஹார்லன் பேட்டரி ஒயரை மாட்ட எழுந்தார்.

"நாளைக்கு மாட்டிக்கலாம், உக்காரு. இனிமே பொத்தான் எங்கிட்ட. நீ ரெண்டு பூனை பேரையும் சொன்னாத்தான் அமுக்குவேன்."

ஹார்லன் உட்கார்ந்தார். எங்கும் போகப்போவதில்லை என்றாலும் கூண்டைப் பார்த்து "பெர்ல்" என்றார். பிறகு வெர்லீன் மடியிலிருந்த ஈரத் துண்டைப் பார்த்து, "ரஸ்டி" என்றார்.