ஒரே நொடியில் இருவர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அலறலிலிருந்து கிடைத்தது. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், பக்கத்து அறைக்காரி திரையைப் பார்த்து, "ஐயோ, நிக்கலையே!" என்று கத்தினாள். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? தண்ணீர் கொடுக்காமல் காரணம் கேட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூளை ஒரு மாநகரம், அதன் தெருக்களில்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கதையில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு வலிப்பு. மூளையில் ஒரு சிறு பகுதியை எடுத்தால் நிற்கலாம், பேச்சு தடுமாறவும் செய்யலாம் என்றார் டாக்டர். பாடம் நடத்திப் பிழைப்பவன் தம்பி. மாட்டேன் என்றுவிட்டான்.

அக்காவின் தொழிலோ மூளைச் செல்களின் வலையைக் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது. அவன் ஸ்கேனை வைத்து ஒரு வலை கட்டி, அந்தப் பகுதியை நீக்கினாள். திரையில் வலிப்பாகக் கொதித்த கோடுகள் அடங்கின. அவனைக் கூட்டிவந்து காட்டினாள்.

"பாத்தியாடா? அடங்கிடுச்சு."

"நீ சொன்னா சரிக்கா."

கையெழுத்துப் போட்டுவிட்டான்.

3

(கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்தக் கணினி செல்களை ஒவ்வொன்றாகத்தான் கணக்கிடும். முதல் செல் மாறியதும் அதன் புது நிலையைப் பார்த்து இரண்டாவது மாறும். அதைப் பார்த்து மூன்றாவது. நிஜ மூளையிலோ எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் மாறும்; அதனால் பழைய நிலையைத் தனியே எடுத்துவைத்து, எல்லாச் செல்களுக்கும் அதையே காட்டியிருக்க வேண்டும். அக்கா எடுத்துவைக்கவில்லை.

ஆபரேஷன் நாள் காலையில், ஆஸ்பத்திரியில் கையைப் பிசைந்துகொண்டிருக்க முடியாமல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். புது இயந்திரம் தயாராக இருந்தது. எல்லாச் செல்களையும் ஒரே நேரத்தில் கணக்கிடும். அதே விடை சீக்கிரம் வரும் என்று ஓடவிட்டாள். கோடுகள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. இயந்திரக் கோளாறு என்று நினைத்தாள். பிறகு தன் புரோகிராமைப் படித்தாள். வலையை அடக்கியது அவள் கணக்குப் போட்ட வரிசை. வெட்டுக்கு அதில் பங்கு உண்டா என்றே தெரியவில்லை.

4

முடிவு அ: டாக்டரிடம் ஓடுகிறாள். "உங்க கம்ப்யூட்டர நம்பி நான் கத்திய எடுக்கலம்மா, என் காரணம் வேற" என்கிறார். (நல்ல மனுஷர். ஆனால் தம்பி அவரை நம்பியா கையெழுத்துப் போட்டான்?)

முடிவு ஆ: அவள் வாயே திறக்கவில்லை, ஆபரேஷன் நல்லபடியாக... (கை கூசுகிறது.)

முடிவு இ: "டேய், நான் காட்டினது தப்பு" என்கிறாள். தம்பி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப யோசிப்போம்க்கா" என்கிறான்.

அழகாக அடங்கியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருத்தியைப் பேசவிட்டு, அதைக் கேட்ட பிறகு அடுத்தவனைப் பேசவைத்தால் எந்த வீட்டுச் சண்டைதான் அடங்காது? அவள் பிழையை நானும் செய்திருக்கிறேன்!

5

நடந்தது இது. ஸ்ட்ரெச்சர் நகரும் நேரத்தில் அவள் ஓடிவந்தாள். இருவரும் ஒரே நொடியில் வாய் திறந்தார்கள்.

"வேணாம்டா, அந்தப் படம்—"

"பயமே போயிடுச்சுக்கா, உன்னால—"

காகிதத்தில் ஒன்று மேலேதான் வந்தாக வேண்டும். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. அவள் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது, அவன் சொன்னது அவள் காதில். அடுத்த வரியை நான் எழுதினால் யாரையாவது முந்தவைத்துவிடுவேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறவர் கதவருகே நின்று, "போலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். இருவரும் மறுபடி வாய் திறக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், இரண்டு பதிலையும், ஒரே மூச்சில்.