கேலரியில் ஒரு லேத்

எஸ்தருக்கு வாய்தான் எதிரி. ஆகுர்டியில் அவள் குடியிருக்கும் அபார்ட்மென்ட் சொசைட்டியின் மீட்டிங்கில், ஓடாத காரைப் பார்க்கிங்கிலிருந்து அகற்ற வேண்டும் என்று சேர்மன் கடம் ஆரம்பித்தபோது அவள் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, நாலு பேர் முன்னால் இந்தியில் சபதமே போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் கார் தானாகவே கேட்டைத் தாண்டும், தாண்டாவிட்டால் காரோடு என் லேத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்று.

காரைக்கூட விட்டுவிடலாம். லேத் அவளுக்கு உயிர். வாஷிங் மெஷின் வைக்கவேண்டிய கேலரியில், அதாவது பால்கனியில், உலோகம் கடையும் அந்தச் சின்ன லேத்தை வைத்துக்கொண்டு, துணியைக் கையால் துவைக்கிறவள் அவள். கீழ்வீட்டுக்காரர் கடம்தான். போன மாதம் லேத்திலிருந்து பறந்த பித்தளைச் சுருள்கள் அவர் மனைவி காயப்போட்டிருந்த மிளகாயில் போய் விழுந்தன. அன்றிலிருந்து அவருக்குப் பார்க்கிங்கில் நிற்கும் காரும் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

காரில் குறை ஒன்றே ஒன்றுதான். இன்ஜின் நன்றாக உறுமும், கியர் விழாது. கியர் தண்டைத் தாங்கும் குழியில் புஷ் என்று ஒரு வெண்கல வளையம் உண்டு. அது உடைந்துவிட்டது. அந்த மாடலையே நிறுத்திப் பல வருடமாகிறது. ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கியும் புஷ் அகப்படவில்லை, ஒரு வெண்கலத் தடிதான் அகப்பட்டது. கிடைக்காவிட்டால் என்ன, கடைந்துவிட்டால் போயிற்று என்றாள் எஸ்தர். இருபது வருடமாகக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவள் வேறென்ன சொல்வாள்?

சனிக்கிழமை மத்தியானம் கடைந்து முடித்து மைக்ரோமீட்டரில் அளந்தாள். குழியைவிட மயிரிழை பெரிது. இறுக்கி அடித்தால் அசையாது.

"பாருங்க, எவ்ளோ கச்சிதமா வந்திருக்கு!" என்று கணவன் ஜெபகுமாரின் கையில் வைத்தாள்.

"ஏ எஸ்தர், சுடுது!" என்று கையை உதறினான் அவன்.

அதை அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே? டீ குடித்துவிட்டு, சுத்தியலோடு கீழே போய், புஷ்ஷைக் குழியில் வைத்தாள். சுத்தியலுக்கு வேலையே இல்லை. லொடக்கென்று உள்ளே விழுந்து ஆடியது.

எஸ்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் மெஷினுக்குள் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் கொட்டிக்கொண்டே இருக்கும். கடைந்த உருப்படி ஜில்லென்று கைக்கு வரும். வந்ததும் அளந்தே பழகிய கை. கேலரியில் ஏது கூலன்ட்? சூட்டில் உப்பியிருந்ததை அளந்துவிட்டுப் பூரித்திருக்கிறாள். ஆறியதும் அது சுருங்கிவிட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூடச் செய்யாத தப்பு. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. தடியில் மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு புஷ்ஷுக்குத்தான் போதும்.

"கடம்ட்ட நான் பேசிப் பாக்கட்டா? ஒரு வாரம் கேப்போம்" என்றான் ஜெபகுமார்.

"நீங்க போயி கெஞ்ச வேண்டாம். சூடுதான என்னைய ஏமாத்துச்சு? நாளைக்கு அதையே வேலை வாங்குதேன்."

ஞாயிறு விடிந்ததும் லேத் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை டூல் ஓடி முடிந்ததும் நிறுத்தினாள். ஆறவிட்டாள். புஷ்ஷைக் கன்னத்தில் ஒற்றி, சூடு துளியும் இல்லை என்று தெரிந்தபிறகே அளந்தாள். மறுபடி மயிரிழை பெரிது, இந்த முறை நிஜமாகவே. அதை ஃப்ரீசரில், வஞ்சிரம் பொட்டலத்துக்கும் பட்டாணிக்கும் நடுவே வைத்தாள். ஜெபகுமார் அவளுடைய ஹேர் டிரையரோடு காருக்கடியில் படுத்துக் குழியைச் சூடாக்கினான்.

பத்து மணிக்குள் சொசைட்டியே அவல் போஹா தட்டோடு கீழே இறங்கி வந்துவிட்டது. கடம் ஒரு பழைய இரும்புக்காரனையும் கூட்டி வந்திருந்தார். அவன் தன் டெம்போவைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான்.

எஸ்தர் துண்டில் சுற்றிய புஷ்ஷோடு காருக்கடியில் புகுந்தாள். குளிரில் ஒடுங்கியிருந்த புஷ், சூட்டில் விரிந்திருந்த குழிக்குள் வெண்ணெயாக வழுக்கிப் போனது. இரண்டும் பழைய நிலைக்கு வந்து இறுகட்டும் என்று மனதுக்குள் ஜெபித்தபடி காத்திருந்தாள். பிறகு பிடித்துத் திருகினாள். ஆட்டினாள். அசையவில்லை! மளமளவென்று கியர் தண்டைப் பூட்டிவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினாள். ஜெபகுமாரின் முகத்தில் அவளைவிடப் பயம்.

கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினாள். விழுந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்ததும் போஹா தட்டுகள் விசில் போட்டன. எஸ்தர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. நேரே டெம்போவின் மூக்குவரை போய் நிறுத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

கடம் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், டெம்போக்காரனைப் பார்த்தார். "அரே, பீச்சே லே! மேடம் கோ ஜானே தே!" என்று அவரே கத்தவேண்டி வந்தது. டெம்போ உறுமிக்கொண்டே பின்வாங்கியது. அந்த வழியில் கார் கேட்டைத் தாண்டியது.

"ஏ எஸ்தர், நான் இன்னும் ஏறல! எங்க போற?" என்று ஹேர் டிரையரும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தான் ஜெபகுமார்.

"நாலாவது கியர் போட எடம் கிடைக்க வரைக்கும் போறேன்!"