சோற்று டப்பாவில் ஒரு பெரணி

உலர்செடி அறையில் அவளை எல்லோரும் பசையக்கா என்றே கூப்பிடுவார்கள். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு: கையெழுத்துப் போட்டு ஒட்டிய சீட்டை எவரும் பிய்க்கக் கூடாது. தப்பென்று தோன்றினால் பக்கத்தில் இன்னொரு சீட்டு எழுதி, தன் பெயரைப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

அன்று காலை, புதிதாக வந்திருந்த அதிகாரி சிவப்பு உறையோடு வந்து நின்றார். மரங்களையே படித்தவர் என்பதால் அவருக்கு மரத்துக்காரர் என்று பட்டப்பெயர்.

"அந்தப் பள்ளத்துப் பெரணியை இதுல போட்டு, 'அழிந்தது'ன்னு சீட்டு ஒட்டிடுங்கம்மா. வெள்ளிக்கிழமை அரிய செடிப் பட்டியல் அச்சுக்குப் போகுது."

ஒரே ஒரு மலைப்பள்ளத்தில் வளர்ந்த, பூக்காத பெரணிச் செடி. நாற்பது வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்று அச்சாகிவிட்டால், பள்ளத்தைக் கல்குவாரிக்குக் கொடுக்க ஒரு தடையும் இருக்காது. அது இருவருக்கும் தெரியும்.

"ஒட்ட மாட்டேன் சார்."

"என்னது?"

பசையக்கா ஜன்னலோரமிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். நாலு மாதத்துக்கு முன்பு அந்தப் பெரணியை ஒட்டியிருந்த பழைய தாளைப் பழுது பார்த்தபோது, மடிப்பில் பழுப்புத் தூள் கிடந்தது. இலையின் அடியிலிருந்து உதிர்ந்த வித்துத்தூள். வேறு யாராவது என்றால் தட்டிவிட்டிருப்பார்கள். அவள் வேறெதுவும் முளைக்காதபடி செங்கல்பொடியை இந்த டப்பாவில் அவித்து ஆறவைத்து, அதன்மேல் தூளைத் தூவி, கண்ணாடியால் மூடி வைத்தாள். "சோத்து டப்பாவுல செங்கல் வேகவைக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து வீட்டுக்காரர் பொட்டலமாகத்தான் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்.

மரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "இது பாசிம்மா. எங்க வீட்டுக் குளியலறையிலகூடத்தான் இருக்கு."

"உங்க குளியலறையை விடுங்க. இதைப் பாருங்க." லென்ஸை நீட்டினாள்.

குனிந்தார். பாசியாகத் தெரிந்தது குட்டிக்குட்டி இதய வடிவத் தகடுகளாகப் பிரிந்தது; பெரணி முதலில் முளைப்பது அப்படித்தான். ஒன்றின் பிளவில், நூல்முனையளவு, சுருண்ட குருத்து.

"பெரணிதான், ஒத்துக்கறேன். ஆனா இதே பெரணின்னு எப்படிச் சொல்றீங்க? வேற தூள் காத்துல வந்து விழுந்திருந்தா?"

நியாயமான கேள்வி. அவளையும் நாலு மாதமாகக் குடைந்த கேள்விதான்.

"அதுக்குத்தான் இன்னொரு டப்பா. அதே செங்கல், அதே தண்ணி. தூள் மட்டும் போடல." மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே வெறும் செங்கல் நிறம்.

"அது போதாதும்மா. இலை விரிஞ்சாதான் உறுதி."

"விரியட்டும். அதுக்குள்ள செத்துப்போச்சுன்னு எழுத என்ன அவசரம்?"

"மேல கேக்குறாங்க. நீங்க ஒட்டலைன்னா நானே ஒட்டுவேன்."

"தாராளமா."

தாளைக் கொண்டுவந்து விரித்தாள். முதலில் தானே ஒரு சீட்டு எடுத்து எழுதினாள்: 'இத்தாளின் தூள் முளைத்திருக்கிறது. உயிரோடு உள்ளது.' தேதி, மணி, கையெழுத்து. ஒட்டி, துணியால் ஒற்றிவிட்டு, பசைக் கிண்ணத்தையும் வெற்றுச் சீட்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப நீங்க எழுதுங்க சார், இடம் விட்டிருக்கேன். பேரை முழுசாப் போடுங்க. நூறு வருஷம் கழிச்சும் படிப்பாங்க."

மரத்துக்காரர் பேனாவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"அப்ப பட்டியல்ல என்னதான் எழுதுறது?"

"'தேடிக்கொண்டிருக்கிறோம்'னு எழுதுங்க. நாற்பது வருஷத்துல ஒருத்தரும் பள்ளத்துல இறங்கிப் பார்க்கலையே? நாளைக்கு நான் இறங்குறேன். லீவு எழுதியாச்சு, கையெழுத்து மட்டும் போடுங்க."