இரண்டு வீட்டிலும் முப்பத்து நாலு டிகிரி

எடைக்கல் ஆய்வாளராக முப்பத்தாறு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவரை எல்லாரும் தராசு என்றே கூப்பிட்டார்கள். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே தெருமுனையில் தராசுத் தட்டுகள் தாமாக நடுங்கும். யாராவது பல்லைக் காட்டி வரவேற்றால் போதும், உடனே படியைக் கவிழ்த்துப் பார்ப்பார். ஓய்வு பெற்றதும் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. வேலையில் பறிகொடுத்த அத்தனை மத்தியானத் தூக்கத்தையும் இனிமேல் தூங்கித் தீர்த்துவிட வேண்டும்.

மாமனார் விட்டுப்போன மனையில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். கட்டியது மனைவியின் தம்பி, கட்டட மேஸ்திரி. இரண்டும் ஒரே அச்சு. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அத்தான், சாயங்காலம் என் சாமான் வண்டி வந்துரும். அதுக்குள்ள எது வேணும்னு நீங்களே மொதல்ல எடுத்துக்குங்க" என்றான் மேஸ்திரி. "என்னைக் கேட்டா, கிழக்கு வீடு. ஜிலுஜிலுன்னு இருக்கும்."

தராசுக்குக் காது விறைத்தது. 'கூடவே கொஞ்சம் போட்டிருக்கேன் சார்' என்று கடைக்காரன் தானாகச் சொன்ன இடத்தில்தான் அளக்கும் படிக்குள் அடியில் ஒட்டிய மெழுகை அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

"இவன் ஏன் நல்லதை என் பக்கம் தள்ளுறான்?" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"ஏசி போட்டா எனக்கு மூட்டு பிடிச்சுக்கும்னு அவனுக்குத் தெரியும். அதான்."

"ஓஹோ. அக்காளும் தம்பியும் பேசி வெச்சாச்சா?"

அவள் தலையிலடித்துக்கொண்டாள்.

தராசு மூன்று தெர்மாமீட்டர் வாங்கினார், மூன்று கடைகளில். ஒரே கடையில் வாங்கினால் மூன்றும் கூட்டுச் சேர்ந்துவிடும் அல்லவா? மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். மூன்றும் முப்பத்து நாலு. கிழக்கு வீட்டில் மாட்டினார். அங்கேயும் முப்பத்து நாலு, மயிரிழை பிசகவில்லை.

"பாத்தியா! ஜிலுஜிலுவாம்!"

"அது காத்தோட சூட்டைத்தான் காட்டும் அத்தான்" என்றான் மேஸ்திரி. "மேற்குச் சுவர் மத்தியானம் பூரா வெயிலைக் குடிச்சுட்டு நம்ம மேல கக்கும். கையை வெச்சுப் பாருங்க. பின்னாடி வீட்டுச் சுவர் வேற பின் சன்னலை மறைக்குது, காத்து உள்ள வந்தா வெளிய போக வழியில்ல. உள்ளயே புழுங்கும். கிழக்கு வீட்ல சன்னலுக்குச் சன்னல் காத்து நேரா ஓடும். அது வேர்வையை எடுத்துட்டுப் போனாத்தானே உடம்பு குளிரும்?"

இத்தனை விளக்கமா? குற்றவாளிதான் இவ்வளவு பேசுவான்.

இருந்தாலும் உட்கார்ந்து பார்த்தார். மேற்கு வீட்டில் வேர்வை ஆறாக ஓடி நாற்காலியே மிதக்கப் பார்த்தது; சுவரில் சாய்ந்த முதுகில் ஒரு தோசை வார்த்திருக்கலாம். கிழக்கு வீட்டில் சட்டை படபடத்தது, நாலாவது நிமிஷம் கண் சொக்கியது. திடுக்கிட்டு எழுந்தார். உடம்பு, முத்திரை குத்தாத கருவி. அதை நம்பியா முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தார்?

"எனக்கு மேற்குதான்" என்றார்.

மேஸ்திரி அக்காவைப் பார்த்தான். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

மூன்று மத்தியானங்கள் தராசு பொட்டுக் கண் மூடவில்லை. தலையணையைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும். நாலாம் நாள், சாப்பிட்ட கையோடு தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு மைத்துனன் வாசலில் நின்றார். உள்ளே இரண்டு சன்னலுக்கும் நடுவே அவர் மனைவி முன்னமே வந்து பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சும்மா... சரி பாக்க வந்தேன்."

"எவ்வளவு காட்டுது அத்தான்?"

"முப்பத்து நாலு."

"உங்க வீட்லயும் அதானே?"

தராசு தொண்டையைச் செருமினார். "அதான் சந்தேகமா இருக்கு. தெனமும் ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் பக்கத்துலயே இருந்து கவனிக்கணும்."

"தாராளமா" என்று மேஸ்திரி ஒரு தலையணையை நீட்டினான்.

தராசு அதைத் திருப்பிப் பார்த்தார், உறைக்குள் கையை விட்டுத் துழாவினார், பிறகுதான் தலைக்கு வைத்தார். ஒரு கண்ணை மட்டும் மூடினார்.

"ஏன்டா, கேக்காமயே தலகாணி குடுக்குற?"

மேஸ்திரி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சன்னல் கொக்கிகள் கழன்று விழும்படி குறட்டை கிளம்பிவிட்டது.