குமிழி எத்தனை?

டெரெக் என்னை விட்டுப் போன சனிக்கிழமை, தன் கோட்டு சூட்டு, ரேடியோ, ஷேவிங் சாமான் எல்லாவற்றையும் காரில் ஏற்றினான். ஒயின் ஜாடியை மட்டும் ஏற்றவில்லை.

"இப்பத்தான் பொங்க ஆரம்பிச்சிருக்கு மேவிஸ். நடுவுல தூக்கி அசைச்சா கெட்டுப் போயிடும். குமிழி நின்னதும் சொல்லு, வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம். அதை நடுவில் தூக்கி அசைக்கலாம், ஒன்றும் கெடாது. ஒயினை அசைக்கக் கூடாதாம். கையிலிருந்த ஈரத் துண்டை அவன் மேல் வீசினேன். அது கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவன் அதை எடுத்து, மடித்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வருஷங்களில் லீட்ஸ் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் மாடியில் ஏதாவது ஒன்று பொங்கிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே பீர், ஒயின் செய்துகொள்ளக் கடையில் பெட்டி விற்றார்கள். பிரித்தால் திராட்சைப் பாகு ஒரு டப்பா, பொங்க வைக்கும் ஈஸ்ட், எண் போட்ட பொட்டலங்கள் சில. டெரெக் பீரில் ஆரம்பித்தான். முதல் தடவை பாட்டில்கள் வெடித்து என் படுக்கை விரிப்பெல்லாம் பீர் நாற்றம். பிறகு ஒயினுக்கு ஏறினான். வாரம் ஒரு நாள் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் ஒயின் மன்றம் கூடும். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து, ஒருவர் செய்ததை மற்றவர் குடித்துவிட்டு மார்க் போடுவார்கள். அங்கேதான் ஜாய்ஸ். புருஷன் இறந்தவள், பிரிட்லிங்டன் கடற்கரையில் சொந்த வீடு. டெரெக் செய்த ஒயினை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாளாம். நான் இத்தனை வருஷமாக அவன் செய்ததைக் கண்ணைத் திறந்துகொண்டே குடித்திருக்கிறேன். அதுதான் என் குற்றம் போலிருக்கிறது.

அடுத்த நாள், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. அந்த நேரம் ஜாய்ஸ் சர்ச்சில் பாடப் போயிருப்பாள்.

"குமிழி எத்தனை?" என்றான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். கேட்டதுக்கு ரொம்ப நன்றி."

"மேவிஸ்..."

"இரு. போய் எண்ணிட்டு வரேன்."

ஃபோன் மாடிப்படிக்குக் கீழே. ஜாடி மாடியில், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள், துண்டுகளுக்கும் தலையணை உறைகளுக்கும் நடுவில். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். ஜாடியின் வாயில் வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளேயிருந்து காற்று வெளியேறும்போதெல்லாம் பொளக் என்று ஒரு சத்தம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். இருபதுக்கு மேல்.

கீழே வந்து சொன்னேன். "நல்லா இருக்கு" என்றான். என்னை அல்ல, ஒயினை. வைத்துவிட்டான்.

அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிட்டான். குமிழி எத்தனை, வாசனை எப்படி, அலமாரிக் கதவு மூடியிருக்கிறதா. வேறு ஒரு பேச்சு கிடையாது. ஆனால் நான் மேலே போய் வரும்வரை அவன் அங்கே காத்திருந்தான். ஒரு தடவை எண்ணி முடித்துச் சத்தம் போடாமல் இறங்கி வந்து, படியில் கிடந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். பல்லுக்குள்ளேயே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான், காலையில் ஷூ போடும்போது செய்வது போலவே. ரொம்ப நேரம் கேட்டேன். அந்தச் சத்தத்துக்காக நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மூன்று வாரத்தில் ஒயின் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது வாரம் குமிழி குறைந்துகொண்டே வந்தது. மாடியில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தது. அடுத்ததற்கு ஒரு யுகம் ஆயிற்று. நின்றுவிட்டால் வருவான், ஜாடியை எடுத்துக்கொண்டு போவான், அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஃபோன் செய்ய அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் குமிழி விடுகிறது என்று சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். சரி, தின்னட்டும். சர்க்கரையைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, மேலே கொண்டுபோனேன். ஜாடி நிறைந்திருந்தது. ஒரு கோப்பை ஒயினை வெளியே எடுத்தால்தான் ஒரு கோப்பை பாகு போகும். எடுத்ததைக் கொட்ட மனசு வரவில்லை. படியில் உட்கார்ந்து குடித்தேன். மறுநாள் காலையில் அலமாரிக்குள் பொளக் பொளக் என்று ஒரே கொண்டாட்டம்.

"பன்னெண்டு" என்றேன் அந்த ஞாயிறு.

"பன்னெண்டா? போன வாரம் ஆறுதானே சொன்ன?"

"எனக்கென்ன தெரியும்? உன் ஒயின், உன்னை மாதிரியேதான் இருக்கும். இந்த வயசுல துள்ளுது."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. குறையும்போதெல்லாம் ஒரு கோப்பை எனக்கு, ஒரு கோப்பை பாகு அதற்கு. பக்கத்து வீட்டு ஹெட்டி, நான் கடையிலிருந்து வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"குதிரை வளக்கறியாடி? இவ்வளவு சர்க்கரை எதுக்கு?"

"ஜாம் போடறேன்."

"பிப்ரவரிக் குளிர்லயா? எந்தப் பழத்துல?"

"உன் வாயில போட்டு அடைக்கற பழத்துல."

"போன புருஷனுக்காக ஜாம் போடறவ இந்தத் தெருவுலயே நீ ஒருத்திதான் கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

டெரெக்குக்கோ தலைகால் புரியவில்லை. எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டான். மன்றத்தில் போய்ப் பெருமையடித்திருக்கிறான். மூன்று வார ஒயின் மூன்றாவது மாசத்தில் கால் வைத்தும் பொங்குகிறது என்றால் யார் நம்புவார்கள்? கொண்டுவந்து காட்டு என்றார்களாம்.

அந்த நேரம் பார்த்து அது நின்றது. பாகு ஊற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஊற்றினேன். ஜாடியைக் கம்பளியில் சுற்றினேன், கெஞ்சினேன், திட்டினேன். குழாயில் தண்ணீர் அசையவே இல்லை. ஞாயிறு வந்தது. மேலே போகாமல், கீழ்ப்படியிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "மூணு" என்றேன்.

"சனிக்கிழமை வரேன்" என்றான். "என் கண்ணால பாக்கணும்."

வந்தான். ஜாய்ஸ் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். இவன் மேலே போய் ஜாடியைத் தூக்கி வந்து சமையலறை மேஜையில் வைத்தான். கேட்காமலேயே எந்த அலமாரியில் கிளாஸ் இருக்கிறது என்று கை போனது. நீளமான குழாயில் கொஞ்சம் ஒயின் எடுத்து, சர்க்கரை பார்க்கும் கண்ணாடி மிதவையை அதில் இறக்கினான். அது முங்காமல் உயரத்தில் நின்றது; சர்க்கரை அதிகமென்றால் அப்படித்தான் நிற்கும். ஒரு வாய் குடித்தான். முகம் மாறியது.

"எவ்வளவு போட்ட?"

"என்ன எவ்வளவு?"

"மேவிஸ்."

"கணக்கெல்லாம் வெச்சுக்கல."

நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுடைய நாற்காலியில். "ஈஸ்ட் செத்துப் போச்சு. அது தின்னு தின்னு உண்டாக்கின சாராயத்துலயே செத்துப் போச்சு. இனிமே மூட்டை மூட்டையா கொட்டினாலும் ஒரு குமிழி வராது. ஏன் இப்படிப் பண்ணின?"

வெளியே கார் ஹாரன் அடித்தது.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஞாயித்துக்கிழமை ஃபோன் வரும்ல" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கிளாஸைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தான். இன்னொரு தடவை ஹாரன்.

"சிங்க்ல கொட்டிடு" என்றேன். "பாகு தண்ணிதானே. மன்றத்துல சிரிப்பாங்க."

"இல்ல, எடுத்துட்டுப் போறேன்" என்று அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று ராத்திரி அலமாரியில் ஜாடி இருந்த இடத்தில் தலையணை உறைகளை அடுக்கினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் ஆறு மணிக்கு நான் ஃபோன் பக்கமே போகவில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு சீவினேன். ஒருத்திக்கு எத்தனை வேண்டும்? பானை நிறையச் சீவி, அடுப்பில் ஏற்றினேன். ஆறு மணி தாண்டிப் போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அடித்தது.

"மேவிஸா?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"குமிழி வருது" என்றான்.

"எதுல?"

"ஜாடிலதான். ஜாய்ஸ் வீட்டுக்குள்ள வைக்க விடல. தோட்டத்துக் கடைசியில ஷெட் இருக்கு, அங்க வெச்சிருக்கேன். இப்ப பாத்தேன். வருது."

செத்த ஈஸ்ட். செத்துவிட்டது என்று சொன்னவனே இவன்தான். அதுவும் மார்ச் மாசக் குளிரில், கடல் காற்றில், ஒரு தகரக் கொட்டகையில். உயிரோடு இருக்கும் ஈஸ்ட்டே அங்கே சுருண்டு படுத்துவிடும். பொய் சொல்லாதே என்று நாக்கு நுனிவரை வந்தது.

"நிமிஷத்துக்கு எத்தனை?" என்றேன்.

"எண்ணல."

"போய் எண்ணிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

"சரி. இரு."

ரிசீவரை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. காதை அழுத்தி வைத்துக்கொண்டேன். கதவு திறக்கும் சத்தம் வரவில்லை. காலடிச் சத்தமும் வரவில்லை. ஜாய்ஸ் வீட்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவன் மூச்சு. தோட்டத்துக் கடைசிவரை போய், எண்ணி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் அவன் அந்த ஃபோன் பக்கத்திலேயே நின்றான். நானும் நின்றேன். அடுப்பில் கிழங்குத் தண்ணீர் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரிசீவரை எடுத்தான்.

"நாலு" என்றான்.

"நாலா? பரவால்லயே, நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் எண்ணிச் சொல்லு."