குளிர்பெட்டிக்குள் ஒரு மனைவி

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தாள்களைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, துணிகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் விண்வெளிக் கதைகள் எழுதுகிறவள். வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கடைசி அத்தியாயத்தை அனுப்பியாக வேண்டும். எழுதியதை யாராவது உரக்கப் படித்துக் கேட்டால்தான் எந்த இடத்தில் தட்டுகிறது என்று அவளுக்குப் புரியும். அந்த வேலை, கல்யாணமான நாளிலிருந்து கணவனுடையது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பள்ளி நாடகத்தில் காவலாளி வேஷம் போட்ட ஆசை இன்னும் அடங்காதவன். கப்பல் தலைவன் பேசினால் அடித்தொண்டையில் உறுமுவான். எடுபிடி பேசினால் மூக்கால் பேசுவான். இயந்திரப் பெண்ணின் முறை வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். பிறந்த குழந்தையைத் தூக்குகிறவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எடுப்பான்.

“‘ரொம்பக் களைப்பா இருக்கீங்க. உக்காருங்க. இன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க.’”

தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். அவனுடைய சட்டைதான்.

“தகரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு தேன் ஒழுகுது?”

“தகரமா? பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு பாசமா கேக்குது!”

“எழுதினது நான்.”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு.”

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டான். அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தகரத்துக்கு உடம்பு கிடையாது, முகவரி கிடையாது. பேனாவால் நாலு வரியை அடித்துவிட்டால் செத்துப்போவாள். ஆனால் இந்த வீட்டில் அவளுக்கு என்று ஒரு குரல் இருக்கிறது. ஜலதோஷம் பிடிக்கிற, கால் வலிக்கிற, மூச்சு விடுகிற தனக்கு அப்படி ஒன்று இல்லை. “சாவி எங்க?”, “பால் வாங்கணுமா?” இரண்டுக்கும் ஒரே குரல்தான். இல்லாதவளைப் பார்த்து இருக்கிறவள் பொறாமைப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் எரிச்சல் அடங்குமா என்ன?

தகரத்தைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவு செய்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எழுதியிருந்த முடிவைக் கிழித்துப் போட்டாள். கதாநாயகன் கப்பலின் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். நீண்ட பயணம் என்பதால் அவன் மனைவி முதல் வாரத்திலிருந்தே குளிர்பெட்டிக்குள் உறங்குகிறாள். இப்போது கப்பலில் மின்சாரம் தீரப்போகிறது. மிச்சமிருப்பது ஒருத்திக்குத்தான் போதும். மனைவியை எழுப்பலாம், இல்லாவிட்டால் இயந்திரப் பெண்ணை ஓடவிடலாம்.

அத்தோடு நிறுத்தி, தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். படிக்கப் படிக்க அவன் குரல் கம்மியது.

“மிச்சம் எங்க?”

“நீங்க சொல்லுங்க. யார் இருக்கணும்?” துணி மடிக்கிற சாக்கில் அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

“இதென்ன கேள்வி? பொண்டாட்டிதான்.”

கேட்டதும் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சொன்ன விதம் பல்புக்கு எத்தனை வாட் என்று சொல்வது மாதிரி இருந்தது.

“ஏன்?”

“ஏன்னா... பொண்டாட்டியாச்சே.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னம்மா சொல்றது? இந்தப் பொண்ணு சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தம்மா ஆரம்பத்துலேருந்து பெட்டிக்குள்ளயே படுத்திருக்கு. ஒரு வார்த்தை பேசினது இல்ல. நல்லவளா, ராட்சசியான்னுகூடத் தெரியல. நீ எழுதவே இல்லையே!”

அவளுக்குச் சுருக்கென்றது. கதைக்கு இடைஞ்சல் என்று அந்த மனைவியைப் பெட்டிக்குள் போட்டு மூடியவள் அவளேதான். பொறுமை, கனிவு, களைத்து வந்தவனிடம் கேட்கிற நாலு நல்ல வார்த்தை, எல்லாவற்றையும் தகரத்துக்கே வாரிக் கொடுத்துவிட்டாள். மனுஷி என்று எழுந்து வரப்போகிறவளுக்குக் கொடுக்க என்ன மிச்சம்? தகரம் எதையும் கற்றுக்கொள்ளும். அழக்கூடக் கற்றுக்கொள்ளும். தகரத்தால் முடியாதது எது?

மறுபடி அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. அது மதியத்திலிருந்து அவள் வயிற்றிலேயே எரிந்துகொண்டிருந்தது. மளமளவென்று எழுதி எடுத்துவந்தாள்.

அவன் படித்தான். “‘பெட்டி திறந்தது. மனைவி கண் விழித்தாள். கணவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்றவளையும் பார்த்தாள்.’”

அடுத்த வரிக்கு அவன் குரல் தேடவில்லை. அது தானாகவே வந்தது, கறாராக, கத்தி மாதிரி.

“‘நான் கொஞ்சம் கண் அசந்தா போதுமே! யாரிவ? இவளுக்கு இங்க என்ன வேலை?’”

படித்தவனே திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான்.

“அடியே, இது நீ!”

“கதைங்க.”

“கதையா? இந்த அதட்டலை நான் எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்.” சிரித்தான். பிறகு சிரிப்பு மெதுவாக வடிந்தது. “அப்ப அந்தப் பொண்ணு?”

“மின்சாரம் ஒருத்திக்குத்தான்.”

அவன் கண்ணாடியைக் கழற்றி, தீய்ந்த சட்டையின் நுனியால் வெகுநேரம் துடைத்தான். கண்ணாடியில் தூசி எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். யாருக்காகத் துடைக்கிறான் என்பதும் தெரியும்.

“இன்னொரு தடவை படிங்க,” என்றாள்.

“எதை?”

“அவ எழுந்து பேசினதை.”